பார்த்தாச்சு என்று நீ சொன்ன பொயிலர்

மகனே,

நீ போனை வைத்து இன்னும் அரை மணி நேரம் ஆகவில்லை. அம்மா குசினியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருக்கிறாள். நான் சாப்பாட்டு மேசையில் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்துவிட்டேன். காரணம் ஒன்றுதான்: நீ சொன்னதை நான் நம்பவில்லை. "பொயிலரைப் பாத்தாச்சு அப்பா, எல்லாம் ஓக்கே" என்றாய். நான் கேள்வியை முடிக்கும் முன்பே உன் பதில் வந்துவிட்டது. யார் வந்தது என்று கேட்டேன், "ஒரு ஆள்" என்றாய். என்ன சொன்னார் என்று கேட்டேன், "ஒண்டும் சொல்லேல்லை, நல்லா வேலை செய்யுதாம்" என்றாய். இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. வீட்டுக்கு ஒரு வேலையாள் வந்துபோன பிறகு அவரைப் பற்றி ஒரு முறைப்பாடாவது சொல்லாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் பதினொன்றுக்கு வந்தார் என்பார்கள், சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே வந்து விரிப்பைப் பாழாக்கினார் என்பார்கள், இரண்டு தரம் தேநீர் கேட்டார் என்பார்கள். உனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. வராத ஆளைப் பற்றி என்ன முறைப்பாடு சொல்ல முடியும்?

அப்பாவுக்குச் சந்தேகம் பிடித்தது என்று நீ சிரிப்பாய். சிரி. நான் பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பதையும், பாண் போன கிழமையைவிடச் சிறுத்துவிட்டது என்று அம்மாவிடம் வாதாடுவதையும், ஊரிலிருந்து வரும் கடிதங்களைத் தபால்காரர் பிரித்துப் படித்து ஒட்டிக் கொடுக்கிறார் என்று நான் நம்பியதையும் நீ உன் கூட்டாளிகளுக்கு நடித்துக் காட்டியது எனக்குத் தெரியும். நான் சந்தேகப்படுகிறவன்தான். ஆனால் இன்று என்னை எழுத உட்கார வைத்தது பொயிலரைப் பற்றி நீ சொன்னது மட்டுமல்ல. வதனி எங்கே, மருமகளோடு ஒரு வார்த்தை பேசலாமா என்று அம்மா கேட்டபோது நீ சொன்னாயே, "அவள் படுத்திருக்கிறாள். காலமை எழும்பினால் தலையிடி. ஒரு வருத்தமும் இல்லையம்மா, அவளுக்கு இஞ்சை இருக்க விருப்பமில்லை, அதுதான்." அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டு குசினிக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று உனக்குத் தெரியாது. நான்கு வருஷத்துக்கு முன் இதே வீட்டில், ஏறக்குறைய இதே சொற்களை, உன் அம்மாவைப் பற்றி நான் சொல்லியிருக்கிறேன்.

மெல்பேணில் கலர் தொலைக்காட்சி வந்த வருஷம் அது. நாங்கள் இந்த வீட்டை வாங்கி முதல் மாரிக்குளிர். நீ கிளேட்டனில் பல்கலைக்கழகக் கடைசி வருஷம் படித்துக்கொண்டு விடுதியில் இருந்தாய். குசினிக்குப் பின்னால் அலுமாரி மாதிரி ஒரு சின்ன அறை, அதற்குள் பொயிலர். அது வாயுவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சுவரோரம் நிற்கும் இரும்புப் பெட்டிகளுக்குள் ஓட விட்டு வீட்டைச் சூடாக்கும். குளிக்கிற தண்ணீரும் அதிலிருந்துதான். வீட்டை விற்றவர் அதைத் தன் பிள்ளையைப் போலத் தட்டிக் காட்டினார். அதனாலேயே எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. ஏதோ பழுதை மறைக்கிறார் என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன். தேடியபோதுதான் சுவர்களில் ஓட்டைகளைக் கண்டேன். அறைக்கு ஒன்று, உள்ளங்கை அகலத்தில், சல்லடை மாதிரி. பொயிலர் அறையில் மட்டும் இரண்டு, ஒன்று மேலே, ஒன்று கீழே. கையை வைத்துப் பார்த்தால் வெளிக்காற்று சில்லென்று அடித்தது. கட்டும்போதே ஓட்டை விட்டுக் கட்டிய வீட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொதித்தேன். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து நான் இடுப்பில் கட்டிய பழைய சாரங்களைக் கிழித்து, ஒரு ஓட்டை விடாமல் உள்ளிருந்து அடைத்தேன். பொயிலர் அறைக்கு முழுசாக இரண்டு சாரம் போனது. அம்மா குளிரில் நடுங்குகிறாள், அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை முடிகிற நேரம் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, குளிர் தொடங்கும் முன் வருஷா வருஷம் பொயிலரைப் பரிசோதிக்க வேண்டும், தனக்கு ஒரு நல்ல ஆளைத் தெரியும் என்றார். எனக்கு உடனே பட்டது, இந்த மனுஷிக்கும் அந்த ஆளுக்கும் ஏதோ கூட்டு இருக்கிறது. ஆனாலும் உன் அம்மாவின் கரைச்சல் தாங்காமல் சரி என்றேன். வந்தவர் ஒரு கிரேக்கர், என்னை மாதிரிக் கப்பலேறி வந்தவர். கையில் தோல் பை. அன்று அம்மா உனக்குச் சாப்பாடு கொண்டு கிளேட்டனுக்குப் போயிருந்தாள். அந்த மனிதர் படியேறும் முன்பே வீட்டின் பக்கச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். ஓட்டை ஒன்றில் என் சாரத்தின் கரை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "முதலில் அதை எடுங்கள். அதை எடுக்காமல் நான் பொயிலரைத் தொட மாட்டேன்" என்றார். வணக்கம் இல்லை, பெயர் சொல்லவில்லை. பொயிலரைக் கண்ணால் காணாமலே கட்டளை போடுகிறாரே என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஓட்டையைத் திறந்து வைத்தால் வீடு குளிரும், வீடு குளிர்ந்தால் பொயிலர் ஓயாமல் எரியும், ஓயாமல் எரிந்தால் பழுதாகும், பழுதானால் இவருக்கு வேலை. அந்த ஒரு நிமிஷத்தில் என் மூளை இவ்வளவையும் கண்டுபிடித்தது. இன்றைக்கு வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். போகும்போது அவர் திரும்பிப் பார்த்து, "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். கள்வன்தான் இப்படிக் கேட்பான் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன்.

பின்னேரம் அம்மா வந்து கேட்டாள். "ஆள் வந்ததோ?"

"ஓம், வந்து பாத்தாச்சு. எல்லாம் சரியாம்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை. வந்தது உண்மை. பார்த்ததும் உண்மைதான், சுவரைப் பார்த்தார்.

ஆனி மாதம் தலையிடி தொடங்கியது. அம்மாவுக்குத்தான் அதிகம், அதுவும் சனிக்கிழமைகளில். உனக்கு நினைவிருக்கும், சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகுவதை நாங்கள் இங்கே வந்தும் விடவில்லை. வெள்ளி இரவே நீயும் விடுதியிலிருந்து வந்துவிடுவாய்; ஒருவர் பின் ஒருவராக மூன்று பேரும் முழுகி, ஊற்றி ஊற்றித் தீராத சுடுதண்ணீர். பொயிலர் காலையிலிருந்து மத்தியானம் வரை உறுமிக்கொண்டே இருக்கும். முழுகி வந்தால் எனக்கும் தலை பாரமாகத்தான் இருந்தது. எண்ணெயில் கலப்படம் என்றேன். கடையை மாற்றினேன், பிறகு போத்தலை மாற்றினேன், கடைசியில் ஒரு போத்தலை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இரசாயனம் படித்த நண்பரிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொன்னேன். அவர் சுத்தமான நல்லெண்ணெய் என்றார். அவரையும் நம்பவில்லை. நீ ஞாயிறு மத்தியானமே படிப்பு இருக்கிறது என்று ஓடிப்போவாய்; வீட்டில் இருந்தால் தலை சுற்றுகிறது என்று ஒருநாள் நீ சொன்னபோது, கிளேட்டனில் ஏதோ ஒரு பெட்டை இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அம்மாவுக்குப் பீனிசம் என்று சட்டியில் வேப்பிலை இல்லாத குறைக்கு யூக்கலிப்டஸ் இலை போட்டு, குசினி யன்னல்களை இறுக்கச் சாத்தி, போர்வையால் மூடி ஆவி பிடிக்க வைத்தேன். பொயிலர் அறையின் கதவு மூன்றடி தள்ளி இருந்தது. வாயு கசிகிறதோ என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. தினமும் காலையில் அந்த அறைக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பேன். ஒரு மணமும் இல்லை. அதனால் பொயிலர் மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மணமில்லாததால் பொயிலரை விட்டேன், உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு இங்கே வர விருப்பம் இருக்கவில்லை, அது உனக்கும் தெரியும். மாதம் ஒரு தரமாவது திரும்பிப் போவோம் என்பாள். இப்போது வருத்தம் என்று படுத்தால் நான் இரங்கி டிக்கெட் எடுப்பேன் என்று பார்க்கிறாள் என நினைத்தேன். வேலைக்குப் போய்விட்டு வரும் எனக்கு வராத தலையிடி, சும்மா வீட்டிலிருப்பவளுக்கு ஏன் வருகிறது என்று அவள் முகத்துக்கு நேரேயே கேட்டேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையையும் நடிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். மகனே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ பரீட்சை என்று வராத ஒரு சனிக்கிழமை நான் முழுகிவிட்டு வந்து பார்க்கிறேன், அம்மா குசினித் தரையில் கிடக்கிறாள். தேங்காய் துருவிய கை துருவலையிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாதான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அடுத்த கிழமை நீ வந்தபோது அம்மாவுக்கு இரத்தம் குறைவு என்று நான் சொன்னேன், நினைவிருக்கிறதா? அங்கே நடந்ததை உனக்கு நான் சொல்லவே இல்லை. இரண்டு மணி நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்தாள், தேநீர் கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. வீட்டை விட்டு வெளியே வந்ததும் சுகமாகிவிட்டதே, பார்த்தாயா என்று மனதுக்குள் சொன்னேன். அப்போது இளம் டொக்டர் ஒருவர் வந்து, வீட்டை எதனால் சூடாக்குகிறீர்கள் என்று கேட்டார். பொயிலர் என்றேன். இந்த வருஷம் பரிசோதித்தீர்களா என்று கேட்டார். அம்மா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் அவளிடம் சொன்ன பொய் அவிழ்ந்துவிடும். அதுவும் ஒரு வெள்ளைக்காரர் முன்னால். "ஓம், குளிர் தொடங்கும் முன் ஆள் வந்து பார்த்தார்" என்றேன். டொக்டர் தலையாட்டி, கையிலிருந்த தாளில் ஏதோ ஒன்றைக் கோடு போட்டு வெட்டினார். பிறகு இரத்தத்துக்கு இரும்புக் குளிசை எழுதித் தந்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார். அந்த வீட்டுக்கே.

டொக்டர் போட்ட அந்தக் கோட்டை நான் இன்றும் காண்கிறேன். மற்றதெல்லாம் அறியாமை, பிடிவாதம், முட்டாள்தனம் என்று எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துவிடலாம். அந்த இடத்தில் மட்டும் முடியாது. டொக்டர் சரியான கதவைத் தட்டினார், நான் உள்ளே நின்று ஆளில்லை என்று சொன்னேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு, டொக்டர் கேட்டதை நினைத்து அம்மா பொயிலர் அறையைத் திறந்திருக்கிறாள். வீட்டை விற்றவர் விற்கும் முன் எல்லாவற்றுக்கும் வெள்ளை வர்ணம் அடித்தார் அல்லவா, பொயிலரின் முன் தகட்டுக்கும் சேர்த்து அடித்திருந்தார். அதை இறுக்கிய நான்கு ஸ்குரூக்களும் வர்ணத்தால் மூடிக் கிடந்தன. ஒன்றிலாவது ஒரு கீறல் இல்லை. தகட்டைக் கழற்றாமல் உள்ளே பார்க்க எவராலும் முடியாது. ஆங்கிலம் அரைகுறை, பொயிலரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் யாரும் தகட்டைக் கழற்றவில்லை என்று அறிய உன் அம்மாவுக்கு அந்த வர்ணம் போதுமாக இருந்தது. வேலிக்கு அருகே போய்ப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

நான் ஐந்து மணிக்கு வரும்போது வீட்டின் யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன, உச்சக் குளிரில். பொயிலரின் தகடு புல்லில் கிடந்தது. பக்கத்தில் என் சாரத் துண்டுகள் ஒரு குவியல். புகைக்குழாயிலிருந்து எடுத்த சுள்ளியும் இறகும் இன்னொரு குவியல், ஏதோ பறவை கூடு கட்டியிருக்கிறது. அந்தக் கிரேக்கர் குசினிக் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா மேலங்கி போட்டபடி நின்றாள்.

"இவரை உங்களுக்குத் தெரியுமோ?" என்று அவருக்கும் விளங்க ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள்.

நான் வாய் திறக்கும் முன் கிரேக்கர் தன் ஆங்கிலத்தில் சொன்னார். "தெரியும். வாசலில் சந்தித்தோம்."

பிறகு அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். காற்றுப் போதாமல் எரிந்தால் நெருப்பு ஒரு நஞ்சைக் கக்கும், அதற்கு மணம் கிடையாது, நிறமும் கிடையாது. புகைக்குழாய் அடைத்திருந்ததால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. ஓட்டைகள் கட்டினவரின் கவனயீனம் அல்ல, அவை இல்லாமல் பொயிலர் வைக்கவே கூடாது. "பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவரைத்தான் இது முதலில் பிடிக்கும். வெளியே போய் வருகிறவர் அதை நம்பமாட்டார். நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்" என்றார். வீட்டில் வேறு யார் என்று அன்று ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் போன பிறகு அம்மா சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. "தலையிடி எண்டு நான் சொன்னதைப் பொய்யெண்டு நினைச்சனீங்கள். சரி, அதை விடுங்கோ. டொக்டரிட்டை நீங்கள் சொன்னது என்ன?" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் சொல்லுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன் என்றால் எழுந்து போய்ப் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் போய் இழுத்துப் பார்ப்பாள். ஊரெல்லாம் சந்தேகப்பட்ட மனிதனை, அவன் பெண்சாதி நான்கு வருஷமாகச் சந்தேகப்படுகிறாள். கோபமாகக்கூட இல்லை, பழகிவிட்டது. அது எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று இன்றுவரை அவளுக்குச் சொன்னதில்லை, சொல்லும் உரிமையும் எனக்கில்லை.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். மாசியில் நீங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் உன் வீட்டைச் சுற்றி வந்தேன். சிட்னியில் அந்த மாதிரிப் பொயிலர் வீடு அருமை. குளிர்நாட்டுக்காரர் ஒருவர் தன் ஊர் முறையில் போட்டிருப்பார். உடுப்புத் தோய்க்கிற அறையில் அது நின்றது. மேலே சுவர் ஓட்டையில் கடதாசி அட்டையை அளவாக வெட்டி ஒட்டியிருந்தாய். நேர்த்தியான வேலை, என் சாரத்தைவிட நேர்த்தி. அன்றே உன்னிடம் அதை எடு, வைகாசிக்கு முன் ஆளைக் கூப்பிட்டுப் பரிசோதி என்றேன். "ஓமப்பா" என்றாய். இப்போது வைகாசி முடிகிறது. பரமட்டாவில் உன் அலுவலகத்துக்குக் காலையில் போய் இருட்டியபின் வருகிறாய். வீட்டில் பகல் முழுக்க இருப்பது வதனி. இதற்கு மேல் நான் என்ன எழுத?

இந்த இடத்தில் அம்மா வந்து என் தோளுக்கு மேலால் வாசித்தாள். "இவ்வளவும் எழுதுறதுக்குப் பிள்ளையிட்டை ஒரு சொல்லுக் கேக்கலாமே" என்றாள். மகன் சொன்னதை மருமகளிடம் விசாரிப்பது அழகில்லை, உங்கள் குடும்பத்துக்குள் நான் கை வைப்பதாகும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். உடனே உன் வீட்டுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நீங்கள் வெளியே போயிருப்பீர்கள் என்று அம்மா சொன்னாள். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இது திங்கட்கிழமை காலை. நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று தெரிந்தே எட்டரைக்கு எடுத்தேன். வதனி எடுத்தாள். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல இருந்தது. நேற்றுப் பின்னேரம் நண்பர் வீட்டுக்குப் போனதாகவும் அங்கே தலையிடி இல்லாமல் சந்தோஷமாக இருந்ததாகவும் சொன்னாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பொயிலரைப் பார்க்க யாராவது வந்தார்களா?

"ஒருத்தரும் வரேல்லை மாமா" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, "நீங்கள் கேட்டால், வந்து பாத்தது எண்டு சொல்லச் சொன்னவர்."

உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, மகனே. பயம் வந்தது. நான் பொய்யை நானே சொன்னேன், நீ அதை அவள் வாயாலும் சொல்ல வைக்கப் பார்த்தாய். பொயிலரை நிறுத்தச் சொன்னேன். எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் இருக்கச் சொன்னேன். எங்கள் கிரேக்கரின் மைத்துனர் ஒருவர் சிட்னியில் இதே வேலை செய்கிறார். நாளை காலை எட்டு மணிக்கு உன் வீட்டுக்கு வருவார். அவர் போன பிறகே அது திரும்ப எரிய வேண்டும். இன்றே வதனியை டொக்டரிடம் கூட்டிப்போகச் சொல்ல உன் அலுவலகத்துக்கும் போன் எடுக்கப் போகிறேன். டொக்டர் கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இதெல்லாம் நடந்து முடிந்திருக்கும், ஆனாலும் அனுப்புகிறேன். போனில் இதையெல்லாம் உனக்குச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

போனை வைக்கும் முன் வதனி என்னிடம் ஒன்று கேட்டாள். அதையும் நீ அறிய வேண்டும். தலை சுற்றிக்கொண்டிருக்கிறது, நிற்க முடியவில்லை என்கிறாள், அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை கேட்டது இதுதான்: "அவர் கோவிப்பாரோ மாமா?"

"கோவிக்கட்டும் பிள்ளை" என்றேன். "நீ முதல் யன்னலைத் திற."